கில்ட்டும் சாரமும்: நேர்த்துணி இடுப்புக்கு அமைந்த வரலாறு

தறியிலிருந்து இறங்கும் துணிக்கு வளைவு கிடையாது. அதன் இரு கரைகளும் இணையாக ஓடுகின்றன. தொடக்கத்தில் எந்த அகலமோ முடிவிலும் அதே அகலம். உடல் அப்படி அமைவதில்லை. இடை ஒடுங்குகிறது, அதற்குக் கீழே ஏழெட்டு அங்குலத்துக்குள் பிட்டம் அகல்கிறது, பிறகு தொடைகள் மறுபடியும் குறுகுகின்றன. நேர்த்துணியை இந்த உடலில் நிறுத்த இரண்டு வழிகள் கையாளப்பட்டன. உடுத்துபவர் தினமும் தம் கையால் மடித்துச் செருகிக்கொள்வது ஒன்று. தையற்காரர் ஒரே முறை மடித்துத் தைத்து, வடிவத்தைத் துணியிலேயே பதித்துவிடுவது மற்றொன்று. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பகுதியிலுள்ள குறிஞ்சாக்கேணியில் ஆண்கள் உடுத்தும் சாரம் முதல் வழியைச் சேர்ந்தது. ஸ்கொட்லாந்தின் கில்ட் முதல் வழியில் பிறந்து, சுமார் இருநூறு ஆண்டுகளில் இரண்டாம் வழிக்கு முழுமையாக மாறிய உடை. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், கில்ட்டைச் சீருடையாகக் கொண்ட பட்டாளங்கள் திருகோணமலைக் கோட்டைகளின் முன் வந்து நின்றன.

சாரம்: கையால் அமையும் அளவு

சாரத்தின் அமைப்பு மிக எளிது. ஏறக்குறைய இரண்டு மீற்றர் துணியின் இரு முனைகளையும் சேர்த்து ஒரே தையலில் மூட்டினால் குழாய் வடிவம் கிடைக்கும். கடையில் மூட்டாத துணியாக வாங்கி, பக்கத்துத் தையல் கடையில் கொடுத்து மூட்டிக்கொள்வது பழைய வழக்கம். அளவு நாடாவுக்கு அங்கே வேலையில்லை. குழாய்க்குள் காலை வைத்து, துணியை ஒரு பக்கமாக இழுத்து, மிஞ்சியதை முன்னால் குறுக்கே மடித்து, மேல்விளிம்பை உருட்டிச் செருகினால் உடை தயார். இடுப்பில் வார் கட்டுவோர் அதன் மேல் வாரை இறுக்கிக்கொள்வர். வலை இழுக்கவோ வயலில் இறங்கவோ வேண்டுமானால் கீழ்விளிம்பைத் தூக்கி முழங்காலுக்கு மேல் கட்டினால் சண்டிக்கட்டு.

இரண்டு மீற்றர் என்பது ஏறக்குறைய 79 அங்குலம். இடை 34 அங்குலமுள்ள ஒருவர் உடுத்தினால் சுமார் 45 அங்குலம் மடிப்புக்குள் போய்விடும். இடை 42 அங்குலமுள்ளவருக்கு 37 அங்குலம் மடியும். ஒரே சாரம் தந்தைக்கும் மகனுக்கும் பொருந்துவதன் காரணம் இதுதான். உடலுக்கும் துணிக்கும் இடையிலான வேறுபாட்டை மடிப்பு விழுங்கிக்கொள்கிறது. நடக்கும்போது மடிப்பு நெகிழும், செருகல் தளரும். கை தன்னாலே போய் மறுபடி இறுக்கிவிடும்.

கட்டம் போட்ட சாரத்துக்கு இலங்கையில் பளையகாட் என்ற பெயர் வழங்குவது, சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டை வைத்துத்தான். 1613 முதல் அங்கே கெல்ட்ரியா கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்தர், சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கு நாடுகளுக்கு ஏற்றி அனுப்பினர். மலாய் நாட்டில் ஆண்கள் உடுத்தும் கட்டச் சாரத்துக்கும் இன்றுவரை அதே ஊரின் பெயர் நிலைத்திருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனைக் கைத்தறிகள் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர் பெற்றவை. பழவேற்காட்டுத் துணி மேற்கேயும் சென்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் கிளாஸ்கோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த நெசவாளர் பழவேற்காட்டுக் கட்டக் கைக்குட்டைகளைப் பார்த்துப் பருத்தியில் நெய்து, அதே ஊர்ப் பெயரிலேயே விற்றனர். ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலத்தில் கம்பளி நூலில் நெய்த டார்டன் கட்டத்துணி இதற்கு முன்பே இருந்த தனி மரபு. ஆனால் கட்டம் போட்ட நேர்த்துணியை இடுப்பில் சுற்றுவது ஸ்கொட்லாந்துக்கும் இலங்கைக்கும் பொதுவான பழக்கமாக இருந்தது.

இடைவாரிலிருந்து தையலுக்கு

ஸ்கொட்லாந்து மேட்டுநிலத்தவரின் பழைய உடை, கில்ட்டுக்கு முன்னோடியான பெரிய பிளெய்டு. இடையில் வார் கட்டி உடுத்திய போர்வை அது. அக்காலத் தறிகள் குறுகியவை. ஏறக்குறைய 25 முதல் 27 அங்குல அகலமே நெய்ய முடிந்தது. எனவே இரண்டு துண்டுகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து அகலத்தை இரட்டிப்பாக்கினர். நான்கைந்து யார் நீளமுள்ள அந்தத் துணியைப் பின்புறம் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி இடையில் வாரால் கட்டினால், வாருக்குக் கீழே முழங்கால்வரை ஒரு பாவாடையும் வாருக்கு மேலே தோளில் போட ஒரு போர்வையும் கிடைத்தன. 1594இல் அயர்லாந்துக்குப் படைத்துணையாகச் சென்ற ஹெப்ரிடீஸ் தீவுக்காரரின் தோற்றத்தை விவரிக்கும் குறிப்பே இத்தகைய உடைக்கான ஆரம்பகாலச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

இந்த நிலையில் பிளெய்டுக்கும் சாரத்துக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. மடிப்புகள் தைக்கப்படவில்லை, ஒவ்வொரு முறை உடுத்தும்போதும் புதிதாக அமைந்தன. இடையை ஒடுக்கியது வார் மட்டுமே. அதன் கீழே துணி தன் முழு அகலத்துக்கு விரிந்து எந்தப் பிட்டத்துக்கும் இடம் விட்டது. சில பிளெய்டுகளில் உட்பக்கம் சிறு வளையங்கள் தைத்துக் கயிறு கோத்திருந்தனர். கயிற்றை இழுத்ததும் மடிப்புகள் தாமாகக் கூடும். மடிப்பின் இடத்தைத் துணியிலேயே குறித்துவைக்கும் முயற்சிக்கு இது ஒரு தொடக்கம்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளெய்டின் மேற்பாதி நீங்கியது. சேர்த்துத் தைத்த இரண்டு துண்டுகளில் ஒன்று மட்டும் இடுப்புக்குக் கீழே நின்றது. அதுவே சிறிய கில்ட். லங்காஷையரைச் சேர்ந்த இரும்பு உருக்காலை உரிமையாளர் தோமஸ் ரோலின்சன் 1720களில் கிளென்காரியில் வேலை செய்த மேட்டுநிலத்தாருக்காக இதை வகுத்தார் என்று 1768இல் எழுதப்பட்டு 1785இல் அச்சான ஒரு கடிதம் கூறுகிறது. அவருக்கு முன்பே அது வழக்கிலிருந்தது என்று வாதிடும் ஆய்வாளரும் உண்டு. யார் தொடங்கியிருந்தாலும் அந்தச் சிறிய கில்ட்டும் முதலில் தைக்கப்படாத உடையே.

பிரித்தானிய அரசுக்கு எதிராக மேட்டுநிலத்தில் எழுந்த 1745 கிளர்ச்சி தோற்றபின் 1746இல் நிறைவேறிய உடைச் சட்டம், மேட்டுநில ஆண்கள் பிளெய்டும் கில்ட்டும் அணிவதைத் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. இரண்டாவதற்கு ஏழாண்டு நாடுகடத்தல். இச்சட்டம் 1782இல்தான் நீங்கியது. அரச படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. ஆகவே முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கில்ட்டின் வளர்ச்சி ஊரில் நிகழாமல் பட்டாளத்தில் நிகழ்ந்தது. பழைய பிளெய்டுத் துணியிலிருந்து கில்ட் செய்துகொள்வது படைவீரரிடையே வழக்கமாக இருந்தது. நூற்றுக்கணக்கானோர் ஒரே தோற்றத்தில் விரைவாக அணிவகுக்க வேண்டிய இடத்தில், தினமும் கையால் மடிப்பதைவிட மடிப்பைத் தைத்துவிடுவது வசதி. தையலால் மடிப்பு நிலைபெற்ற கில்ட்டுகளில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1790களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சுமார் நான்கு யார் துணியில் செய்த அந்தக் கால கில்ட்டுகளில் மடிப்புகள் அகலமான பெட்டி மடிப்புகளாக இருந்தன.

திருகோணமலையில் மேட்டுநிலப் பட்டாளங்கள்

1795இல், பிரான்ஸின் பிடியில் ஒல்லாந்து விழுந்தபின், இலங்கையிலுள்ள ஒல்லாந்தர் கோட்டைகளைக் கைப்பற்றச் சென்னையிலிருந்து பிரித்தானியப் படை ஒன்று புறப்பட்டது. அதன் தளபதி கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட். இரண்டு இந்திய சிப்பாய்ப் பட்டாளங்களுடன் வந்த ஐரோப்பியக் காலாட்படைகளில் 71ஆம், 72ஆம், 73ஆம் பட்டாளங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தனர். மூன்றும் மேட்டுநிலத்தில் திரட்டப்பட்டவை. 72ஆம் பட்டாளம் 1778இல் சீஃபோர்த் பிரபுவால் திரட்டப்பட்டது. 1781இல் கப்பலேறி, வழியில் ஸ்கர்வி நோய்க்கு இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்து அடுத்த ஆண்டு சென்னை வந்து சேர்ந்தது.

ஓகஸ்ட் தொடக்கத்தில் படை திருகோணமலைக் குடாவை அடைந்தது. டயோமீட் என்ற போர்க்கப்பல் வெளித்துறையில் பாறையில் மோதி மூழ்கியது. முற்றுகைக்குப் பின் ஓகஸ்ட் 26இல் திருகோணமலைக் கோட்டையும், 31இல் துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பேர்க் கோட்டையும் சரணடைந்தன. குறிஞ்சாக்கேணியும் கிண்ணியாவும் அந்தத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்தவை.

கம்பளிக் கில்ட் இந்தக் கரையின் வெயிலுக்கு ஏற்றதல்ல. இந்தியப் பணியில் இருந்த மேட்டுநிலப் பட்டாளங்கள் பெரும்பாலும் கில்ட்டை ஒதுக்கிவிட்டு வெள்ளைக் காற்சட்டை அணிந்தன. காரணம் துணியிலேயே இருக்கிறது. மடிப்புள்ள பின்புறத்தில் ஒவ்வோரிடத்திலும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்குக் கம்பளி படிகிறது. வெப்பத்தை அது வெளியே விடாது. சாரம் மெல்லிய பருத்தி. மடிப்பு முன்னால் மட்டும், அதுவும் தளர்வாக. நனைந்தால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும்.

1809இல் 72, 73, 74, 75, 91, 94ஆம் பட்டாளங்கள் மேட்டுநில உடையைக் கைவிடும்படி ஆணை வந்தது. கில்ட் கட்டாயம் என்றால் மேட்டுநிலத்துக்கு வெளியே ஆள் சேர்ப்பது கடினம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றிய மூன்று பட்டாளங்களில் இரண்டு இவ்வாறு தம் உடையை இழந்தன. 72ஆம் பட்டாளம் 1823இல் மேட்டுநிலப் பெயரை மீண்டும் பெற்றது. அதன் பிறகு இலங்கையில் நீண்டகாலம் தங்கிய மேட்டுநிலப் படை 78ஆம் பட்டாளம். அது 1826 முதல் 1837 வரை இங்கே இருந்தது. திரும்பும்போது இலங்கை யானை ஒன்றையும் எடின்பரோவுக்குக் கொண்டுபோனது. அந்த யானை பட்டாள வாத்தியக் குழுவுக்கு முன்னால் நடக்கப் பழக்கப்பட்டிருந்தது.

மடிப்பின் வடிவங்கள்

1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது கில்ட் அணிந்து தோன்றியதும், பின்னர் விக்டோரியா அரசியின் ஈடுபாடும் கில்ட்டை மேட்டுநிலத்தின் உடை என்ற நிலையிலிருந்து ஸ்கொட்லாந்து முழுமைக்குமான உடையாக உயர்த்தின. அதற்கு முன்பே 1819இல் பனொக்பேர்னைச் சேர்ந்த வில்சன் நெசவு நிறுவனம் டார்டன் மாதிரிப் புத்தகம் வைத்திருந்தது. பட்டாளங்களுக்குத் துணி கொடுத்த பெரிய நிறுவனம் அது. துணி வழங்கல் பெருகப் பெருக, ஒரு கில்ட்டுக்குச் செலவாகும் துணியும் கூடியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கு யார். 20ஆம் நூற்றாண்டில் எட்டு யார் என்பது வழக்கமாகிவிட்டது. இன்று அகலத் தறியில் நெய்த நான்கு யார் துணியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி எட்டு யார் ஆக்குவார்கள். கனமான துணியில் முடிந்த கில்ட்டின் எடை ஏறக்குறைய 2 கிலோ வரும்.

மடிப்பு இரண்டு வகை. பெட்டி மடிப்பில் துணி இருபுறமும் உள்ளே மடிந்து நடுவில் தட்டையான முகம் நிற்கும். கத்தி மடிப்பில் எல்லா மடிப்புகளும் ஒரே திசையில் சாயும். 1853இல் மேட்டுநிலப் படைகளில் ஒன்றான கோர்டன் பட்டாளம் கத்தி மடிப்புக்கு மாறியது. பின்னர் அதுவே பொது வழக்கமானது. கத்தி மடிப்பு குறுகிய இடத்தில் அதிகத் துணியை அடக்கும். மடிப்பின் முகத்தில் எது தெரியவேண்டும் என்பதிலும் இரண்டு முறைகள் உண்டு. பட்டாள முறையில் ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரே நிறக் கோடு வரும். பின்புறம் முழுவதும் வரிவரியாகத் தெரியும். கட்ட முறையில் அடுத்தடுத்த மடிப்புகள் டார்டனின் முழுக் கட்டத்தை மறுபடி உருவாக்கும்; மடிப்பே இல்லாத துணி போலப் பின்புறம் தோன்றும்.

ஒடுங்கிய இடை, அகன்ற சீட்

தைத்த மடிப்பு வந்ததும் உடலின் வளைவு தையற்காரரின் பொறுப்பாகிவிட்டது. வார் எதையும் மன்னித்தது, தையல் அப்படியல்ல. கில்ட் தைப்பவர் எடுக்கும் முதன்மை அளவுகள் மூன்று: இடைச்சுற்று, தையற்கடைகளில் சீட் என்று சொல்லும் பிட்டச்சுற்று, இடையிலிருந்து முழங்கால் வரையிலான நீளம். இவற்றோடு, இடையிலிருந்து சீட்டின் மிக அகன்ற இடம் வரையான ஆழமும் வேண்டும். மடிப்புகளை மேலிருந்து அந்த ஆழம்வரை தைத்துவிடுவார்கள். அதற்குக் கீழே அவை சுதந்திரமாகத் தொங்கும்.

கில்ட்டில் துணி மூன்று பகுதியாகப் பிரிகிறது. உள்முன்மடல் ஒன்று, வெளிமுன்மடல் ஒன்று, இரண்டுக்கும் இடையே பின்புறம் முழுவதும் மடிப்பு. முன்மடல்கள் தட்டையானவை, ஒன்றன்மேல் ஒன்று படியும். சுற்றளவின் ஏறக்குறைய பாதி முன்மடலுக்கும் மீதிப் பாதி மடிப்புக்கும் போகும்.

இடை 34 அங்குலம், சீட் 40 அங்குலம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பின்புறத்தில் 25 மடிப்பு என்றால் சீட்டில் 20 அங்குலத்தை அவை பகிர்ந்துகொள்ளும். ஒரு மடிப்பின் முகம் 0.8 அங்குலம். இடையில் 17 அங்குலம். ஒரு மடிப்பு 0.68 அங்குலம். சீட்டிலிருந்து இடைக்கு ஏறும்போது ஒவ்வொரு மடிப்பும் 0.12 அங்குலம் குறுகினால் போதும். இந்த அளவு கண்ணுக்குத் தெரியாது.

சீட் அதே 40, இடை 28 உள்ள உடலுக்குக் கணக்கு மாறுகிறது. இடையில் பின்புறத்துக்கு 14 அங்குலமே. ஒரு மடிப்பு 0.56. குறுக வேண்டியது 0.24 அங்குலம், முன்னதைப்போல் இரண்டு மடங்கு. 25 மடிப்பிலும் சேர்ந்து ஆறு அங்குலம் மேலே செல்லும்போது மறைய வேண்டும். முன்மடலிலும் இன்னொரு ஆறு அங்குலம் மறைய வேண்டும்.

இந்த ஆறு அங்குலத்தை மறைப்பதே கில்ட் தையலின் நுட்பம். பாவாடையில் டாட் பிடிப்பதுபோல ஓரிரு இடங்களில் துணியைக் கிள்ளிவிட முடியாது. டார்டனின் கோடுகள் அந்த இடத்தில் முறிந்து தெரியும். குறுக்கத்தை எல்லா மடிப்புகளுக்கும் பங்கிட வேண்டும். மிஞ்சிய துணி மடிப்பின் உள்ளே போகும். நிலைக்குத்துக் கோடுகள் இடையை நோக்கி நெருங்கும். குறுக்குக் கோடுகளோ மடிப்புக்கு மடிப்பு ஒரே மட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். ஒரு மடிப்பில் நூலளவு தவறினாலும் அடுத்தடுத்த மடிப்புகளில் அது சேர்ந்து, பின்புறத்தின் நடுவில் கட்டம் சாய்ந்து நிற்கும்.

குறுக்கத்தின் பாதை நேர்கோடாக இருந்தாலும் சரிவராது. வளைந்த உடலில் இடைக்குக் கீழே சிறிது தூரம் மட்டமாக இருந்து, பிறகே பிட்டம் வேகமாகப் புடைக்கும். நேர்கோட்டில் குறுக்கினால் இடைக்குக் கீழே துணி உப்பி நிற்கும், சீட்டில் இறுகும். எனவே மடிப்பின் தையல் வரி உடலின் வளைவைப் பின்பற்றி மெல்ல வளைகிறது. பக்கங்களைவிடப் பின்புற நடுவிலுள்ள மடிப்புகளுக்குக் கூடுதல் குறுக்கம் கொடுக்கலாம். தையல் சீட்டின் மிக அகன்ற இடத்தில்தான் முடியவேண்டும். அதற்கு மேலேயே முடிந்தால் மடிப்புகள் வாய் பிளக்கும்; கீழே இறங்கினால் துணி பிட்டத்துக்கு அடியில் உள்ளே இழுபட்டுத் தொங்கலின் நேர்த்தி கெடும்.

முன்மடலில் மடிப்பு இல்லாததால் அதன் வடிவம் ஓரத்தில் கிடைக்கிறது. ஓரம் இடையில் உள்ளே வளைந்து, சீட்டில் வெளியே வந்து, கீழே இன்னும் சற்று விரியும். இந்த வளைவைத் துணியை வெட்டாமல் மடித்தே பெறுவார்கள். வெளிமடலின் வார் இரண்டு இடத்தில், இடையிலும் சீட்டிலும், கொக்கியில் மாட்டும். கொக்கியை நகர்த்தி ஓரிரு அங்குலம் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே முடியும்.

நீளத்தில் உள்ள சிக்கல் தனி. கில்ட்டின் கீழ்விளிம்பு துணியின் நெய்த கரையே. அதை வெட்டுவதும் இல்லை, மடித்துத் தைப்பதும் இல்லை. புடைத்த பிட்டத்தின் மேல் ஏறி இறங்கும் துணி முன்புறத்தைவிட அதிக நீளத்தைச் செலவிடும். பின்விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். சாதாரணப் பாவாடையில் கீழே இறக்கிச் சரிசெய்வார்கள். கில்ட்டில் கீழே தொட முடியாததால் மேலே சரிசெய்ய வேண்டும். பின்புறத்தில் மேல்விளிம்பை உயர்த்தி, முன்புறத்தில் தாழ்த்தி, இடைப்பட்டியை அந்த வளைவில் பொருத்துவார்கள். முதுகு உட்குழிந்து பின்னிடை தாழ்ந்திருப்பவர்களுக்கு இதற்கு எதிர்மாறாக மேல்விளிம்பின் பின்புறம் தாழும்.

வடிவம் அமைந்தபின் அதைக் காப்பது உட்பக்க வேலை. மடிப்புகளுக்குள் திரண்ட துணியைத் தைத்த பகுதியில் வெட்டி நீக்கினால்தான் இடுப்பு தடிக்காது. வெட்டியபின் மடிப்புகளுக்குப் பிடிப்பு இருக்காது; ஆகவே அவற்றைக் குறுக்கே ஒரு வரிசைத் தையலால் ஒன்றோடொன்று பிணைத்து, மேலே கான்வாஸ் வைத்து, அதன் மேல் லைனிங் போடுவார்கள். கில்ட்டின் பாரம் முழுவதையும் தாங்குவது கான்வாஸ்தான். பிறகு மடிப்புகளை நீளமாக ஓட்டுத் தையல் போட்டுக் கட்டி, ஈரத்துணி வைத்து இஸ்திரி போடுவார்கள். கம்பளி நூல் சூட்டையும் ஈரத்தையும் வாங்கி மடிப்பை நினைவில் வைக்கும். பருத்தி ஒரே நாளில் மறந்துவிடும்.

பெண்களும் கில்ட்டும்

கில்ட் நெடுங்காலம் ஆண்களின் உடை. ஸ்கொட்லாந்துப் பெண்கள் அணிந்தது அரிசெய்ட் என்ற நீண்ட போர்வை. மடிப்போடு உடலைச் சுற்றி, இடையில் வார் கட்டி, மார்பில் ஊசி குத்துவார்கள். ஆண்களின் பெரிய பிளெய்டைப்போல அதுவும் தைக்கப்படாதது. 18ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழியத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேட்டுநில நடனப் போட்டிகளில் பெண்களும் சிறுமியரும் கில்ட் அணிந்து இறங்கினர். 1950களில் ஸ்கொட்லாந்தின் அபோய்ன் விளையாட்டு விழா பெண்கள் கில்ட் அணிவதை விலக்கியது. அவர்களுக்கெனத் தனி நடன உடை உருவானது. ஆனாலும் மற்றப் போட்டிகளிலும் வாத்தியக் குழுக்களிலும் பெண்களின் கில்ட் தொடர்ந்தது.

ஆண் உடலுக்கென வளர்ந்த கணக்கு பெண் உடலுக்கு வந்தபோதுதான் அதன் எல்லை தெரிந்தது. ஆண்களிடம் இடைக்கும் சீட்டுக்கும் வேறுபாடு பெரும்பாலும் சில அங்குலமே; பெண்களிடம் பத்து, பன்னிரண்டு அங்குலம் இருப்பது அரிதல்ல. அதனால் பெண்களுக்கு முழுக் கில்ட்டுக்குப் பதிலாகக் குறைந்த துணியில், குறைந்த மடிப்பில் கில்ட் பாவாடை தைக்கும் வழக்கம் பரவியது. குறைந்த மடிப்பு என்றால் ஒவ்வொன்றும் அதிகம் குறுக வேண்டும். எனவே வளைவு மிகுந்த உடலுக்கு முழு அளவுக் கில்ட்டே, அதிக மடிப்போடு, நன்றாக அமைகிறது. மேலே கண்ட 28, 40 அளவுக்கு 25 மடிப்புக்குப் பதில் 30 மடிப்பு வைத்தால் ஒன்றுக்கு 0.2 அங்குலக் குறுக்கமே போதும். கில்ட் தையல் பற்றி பார்பரா டியூக்ஸ்பரியும் எல்சி ஸ்டூமெயரும் எழுதி 2001இல் வெளிவந்த ‘தி ஆர்ட் ஒஃப் கில்ட்மேக்கிங்’, அதுவரை பெரும்பாலும் பட்டறையில் வாய்மொழியாகக் கற்ற இத்தகைய கணக்குகளை விரிவாக அச்சில் கொடுத்த நூல்.

கிழக்கில் தையலும் மடிப்பும்

குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களில் பெண்களின் சேலையும் ஆண்களின் சாரம் போலக் கையால் அமைவதே. ஐந்தரை மீற்றர் துணி உடலைச் சுற்றி, மிஞ்சியது முன்னால் கொசுவமாகச் செருகப்படுகிறது. இடை ஒடுங்கியவருக்கு ஒரு கொசுவம் கூடும். தடித்தவருக்கு ஒன்று குறையும். கில்ட் 25 மடிப்பில் தையலால் செய்வதைச் சேலை ஆறேழு கொசுவத்தில் விரலால் செய்கிறது. தையல் சேலையைத் தொடவில்லை; அதனுடன் அணியும் சட்டைக்குப் போனது. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் தையல் இயந்திர விற்பனையைத் தொடங்கியது. அதன்பின் சட்டையின் டாட்டும் கையின் வளைவும் உள்ளூர்த் தையலின் திறனை அளக்கும் இடங்களாயின. வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போய் வந்தவர்கள் வழியாகக் கடந்த சில பத்தாண்டுகளில் கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பரவிய அபாயா, தோளிலிருந்து நேரே தொங்குவதால் இடை, சீட் என்ற கணக்கையே தவிர்த்துவிடுகிறது.

தைத்த மடிப்பு இக்கரைக்கு வந்தது பள்ளிச் சீருடை வழியாக. பிரித்தானியப் பெண்கள் பள்ளிகளில் 1890களிலிருந்து பரவிய மேற்சட்டைப் பாவாடை, தோள்பட்டியிலிருந்து பெட்டி மடிப்பாக இறங்கும். குடியேற்ற நாடுகளின் பள்ளிகளும் அதை ஏற்றன. இலங்கையில் இன்றும் பல பள்ளி மாணவியரின் வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பகுதியில் மடிப்பு உண்டு. 1993 முதல் அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தவணை தொடங்கும் வேளையில் ஊர்த் தையல் கடைகளில் அந்தத் துணியே குவியும். வளரும் பிள்ளைக்கு மடிப்பைக் கெட்டியாகத் தைப்பதில்லை. பக்கத்தையலில் துணி விட்டு, கீழே அகல மடித்து வைப்பார்கள். அடுத்த ஆண்டு பிரித்து இறக்கலாம். கரையை விளிம்பாகக் கொண்ட கில்ட்டில் இயலாத காரியம் இது.

கில்ட் தொழில் ஸ்கொட்லாந்துக்கு வெளியேயும் பரவிவிட்டது. பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் பைப் வாத்தியத்தோடு கில்ட்டையும் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. அங்கே தயாராகும் கில்ட்டும், மற்ற நாடுகளின் மலிவான ஆயத்தக் கில்ட்டும் இடை அளவை மட்டும் வைத்து வரிசைப்படுத்தப்படுகின்றன. இடைக்கும் சீட்டுக்கும் இடையே ஒரு நிலையான வேறுபாடு இருப்பதாக அந்த அட்டவணை கொள்கிறது. அந்த வேறுபாட்டுக்குள் அடங்கும் உடலுக்கு இயந்திரத் தையல் போதும். அடங்காத உடலுக்கு, சீட்டுக்குச் சரியாக வாங்கினால் இடையில் தளரும், இடைக்குச் சரியாக வாங்கினால் பின்புற மடிப்புகள் பிளந்து நிற்கும். எட்டு யார் துணியை மடிப்பு மடிப்பாகக் கையால் தைக்கும் தொழில் எடின்பரோவிலும் பிற ஊர்களிலும் இன்னும் நடப்பதற்கு மரபுப் பற்று மட்டும் காரணமல்ல. வாரை அவிழ்த்து மறுபடி கட்டும் வழியை கில்ட் கைவிட்ட நாளிலிருந்து, அட்டவணைக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு உடலுக்கும் அளவு நாடாவோடு ஒரு தையற்காரர் தேவைப்படுகிறார். இரண்டு மீற்றரில் மூட்டிய சாரத்துக்கு அந்தத் தேவை வந்ததேயில்லை.